ஒன்பது வருஷ போலோ ஜிடி: கோல்ஃப் ஜிடிஐக்கு மாறலாமா?

2016 ஜூனில் வாங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. இதுவரை 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பாதி கோவை ஊருக்குள், கால்வாசி அவிநாசி–சேலம் நெடுஞ்சாலையில், மிச்சம் மலையில். அந்த மிச்சத்துக்காகத்தான் இந்த வண்டியையே வாங்கினேன். வீட்டில் அப்போது சொன்ன காரணம் "ஆட்டோமேட்டிக், சிட்டிக்கு ஈசி" என்பது.

1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ. 105 பிஎஸ் பவர் என்றால் இன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் 175 நியூட்டன் மீட்டர் டார்க் (திருப்பு விசை) 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்து நிற்கும், வண்டி எடையோ சுமார் 1,100 கிலோதான். கல்லாறு தாண்டி குன்னூர் ஏற்றத்தில் 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வெளியே வரும்போது இரண்டாம் கியரில் முழுசாக மிதிக்கலாம். மிதித்தாலும் அடுத்த வளைவுக்குள் பயப்படும் வேகம் வராது. ஒன்பது வருஷமாகியும் எனக்கு இது சலிக்கவில்லை.

மைலேஜ் ஊருக்குள் 10, ஹைவேயில் நிதானமாகப் போனால் 16. மலையில் எவ்வளவு என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். கியர்பாக்ஸ் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக். சீசன் கூட்டத்தில் முன்வண்டியை ஒட்டி அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளட்ச் சூடேறும். நான் மேனுவல் மோடில் முதல் கியரில் வைத்து, நாலு வண்டி இடம் விட்டு, ஒரேயடியாகப் போய் நிற்பேன். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

2025 மே மாதம் அதே கம்பெனியின் கோல்ஃப் ஜிடிஐ இந்தியாவுக்கு வந்தது. முழுதாகக் கட்டிய வண்டியாக இறக்குமதி, முதல் தொகுதியில் 150 வண்டி மட்டும், விலை அப்போது 52.99 லட்சம். 265 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர், 5.9 விநாடியில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம். என் வண்டிக்கு நூறைத் தொட 9.7 விநாடி என்பது கம்பெனிக் கணக்கு. அன்று ராத்திரி கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேலான காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். வரி மட்டுமே 10 லட்சத்தைத் தாண்டுகிறது. 2016இல் என் போலோ ஆன்ரோடு கிட்டத்தட்ட அந்தத் தொகைக்குத்தான் வந்தது. இருந்தாலும் ஆசை அடங்கவில்லை. கோவை, ரேஸ் கார் கட்டிய கரிவர்தன் வாழ்ந்த ஊர், ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் ஊர். இங்கே இருந்துகொண்டு "எனக்கு வேகம் வேண்டாம்" என்று சொன்னால் டீக்கடையில்கூட நம்ப மாட்டார்கள்.

திருப்பூர் நண்பன் ஒருவன் அந்த 150இல் ஒன்றை எடுத்துவிட்டான். ஒரு ஞாயிறு, நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்துக்கொண்டு, விடிவதற்குள் மேட்டுப்பாளையம். கோத்தகிரி ரோட்டில் சாவியை என்னிடம் நீட்டினான்.

இரண்டாம் கியர், ஒரே மிதி. அடுத்த வளைவு முகத்துக்கு நேரே வந்துவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பி, வளைவின் நடுவிலேயே மிதித்தால் முன்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் வண்டியின் மூக்கை உள்ளே இழுக்கிறது. போலோவில் இதே இடத்தில் டயர் வெளியே வழுக்கும், வழுக்கலைத் தடுக்கும் இஎஸ்பி தலையிடும். பிரேக், சீட், சத்தம் எல்லாமே வேறு உலகம். "எப்படி மாப்ளே?" என்றான். வார்த்தையே வரவில்லை எனக்கு.

ஆனால் திரும்பி வரும்போது ஒன்றை எண்ணிப் பார்த்தேன். கோத்தகிரி வரைக்கும் எத்தனை தடவை முழுசாக மிதித்தேன்? நான்கு. ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று விநாடி. அதற்குள் வளைவோ அரசுப் பேருந்தோ வந்துவிடும். மற்ற நேரமெல்லாம் கால் பாதி அழுத்தத்தில் காத்துக்கொண்டிருந்தது. ஹைவேயிலும் கதை இதுதான். நாலுவழிச் சாலையில் சட்டப்படி 100, அதற்கு மேல் கேமரா. 2025 அக்டோபரில் திறந்த அவிநாசி ரோடு மேம்பாலம் 10 கிலோமீட்டர் நேராகக் கிடக்கிறது. பார்த்தால் கால் துறுதுறுக்கும். துறுதுறுப்பதோடு சரி.

என் வண்டியின் குறை என்ன என்பது அதற்கு முன்பே, செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் தடத்தில், சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டும் ஒரு டிராக் டேயில் தெரிந்திருந்தது. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். நான்காவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. நான்கு வருஷமாக பிரேக் ஆயில் மாற்றாத என் சோம்பேறித்தனம்தான் காரணம். டயரும் பழசு, நான்காவது வளைவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தது. நேர்ப்பாதையில் என்னைத் தாண்டிப் போனவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. வளைவில் தாண்டினார்களே, அதுதான் உறுத்தியது.

அப்போது என் தலைக்குள் இருந்தது ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி பவர் ஏற்றுவது. 130 பிஎஸ் வரைக்கும் ஏற்றலாம் என்றார்கள். சிங்காநல்லூரில் வண்டி பார்க்கும் மெக்கானிக் தம்பி சிரித்துவிட்டார். "அண்ணா, இந்த வண்டிக்கு பவர் பத்தலைன்னு யாருங்க சொன்னது? நிக்கத்தானுங்க மாட்டேங்குது. இந்தக் கியர்பாக்ஸு 250 டார்க்குக்கு மேல தாங்காதுங்கண்ணா. அதுக்குப் பக்கத்துல கொண்டுபோய் எதுக்கு நிறுத்தறீங்க?" நல்ல பேட், புது டாட் 4 பிரேக் ஆயில், 195/55 ஆர்15இல் பிடிப்பான டயர். இவ்வளவுதான் அவர் எழுதிக் கொடுத்த சீட்டு. மொத்தம் 48,000 ரூபாய். அடுத்த தடவை அதே டிராக்கில் சுற்றுக்கு நான்கு விநாடி குறைந்தது. இன்ஜினில் கை வைக்கவே இல்லை.

இடையில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வந்தது. அதுவும் 265 பிஎஸ், 49.99 லட்சம், 100 வண்டி. டிக்கி 600 லிட்டர் என்று வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "ஏனுங்க, மாத்தறதுன்னு ஆச்சுன்னா இதையாவது பாருங்க, பாப்பா சைக்கிள வெச்சுக்கலாம்" என்றாள். நான் யோசித்து முடிப்பதற்குள் நூறும் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

பணம் பெரிய விஷயமில்லை, வருஷத்துக்கு நான்கைந்து முறை டிராக்குக்குப் போவேன், சென்னை இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் வண்டியைக் கொண்டுபோவேன் என்பவர் ஜிடிஐயை யோசிக்காமல் எடுக்கலாம். அங்கே ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், அந்த 265 பிஎஸ்ஸுக்கு வேலை இருக்கும். என்னை மாதிரி மாதம் ஒரு தடவை மலை, வருஷம் ஒரு தடவை டிராக் என்றால், முதலில் இருக்கிற வண்டிக்கு டயரும் பிரேக்கும் மாற்றி ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் அரிப்பு இருந்தால் அது நிஜ அரிப்பு.

எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, மறைக்கவில்லை. கோத்தகிரியில் அந்த மூக்கு உள்ளே இழுத்தது கையிலேயே நிற்கிறது. ஆனால் போலோவின் ஆர்.சி. 2031 ஜூன் வரை செல்லும். அடுத்த ஞாயிறு வால்பாறை, 40 கொண்டை ஊசி வளைவு. மழையில் ரோடு எப்படியிருக்குமோ என்று திருப்பூர்க்காரன் கோல்ஃபை வீட்டில் விட்டுவிட்டு என்னோடு வருகிறான். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியதும் என் சாவியைக் கேட்பான், பாருங்கள்.