சமாதானச் சுடருக்கு எந்த விளக்கு? டெல்டா காற்றுக்குத் தாங்குவதும் தாங்காததும்

பெத்லகேமில் ஒரு சிறுவனோ சிறுமியோ ஏற்றும் சுடரை ஆஸ்திரியாவுக்குக் கொண்டுவரும் வழக்கம் 1986இல் தொடங்கியது. அங்குள்ள லின்ஸ் நகரத்து ஒலிபரப்பு நிலையத்தின் யோசனை அது. பிறகு சேர்ந்துகொண்ட சாரணர் இளைஞர்கள் கைமாற்றிக் கைமாற்றி அதை நாடு நாடாகச் சேர்க்கிறார்கள். அதே பாணியில் நாகப்பட்டினத்தில் ஏற்றி, நாகூர், காரைக்கால், தரங்கம்பாடி வழியாக மயிலாடுதுறைக்குச் சுடர் கொண்டுபோக நினைக்கும் குழுக்களுக்காக இந்த மதிப்பீடு. இந்தப் பாதையில் நாட்டு எல்லை இல்லை என்றாலும் புதுச்சேரிக்குள் நுழைந்து வெளியே வரவேண்டும். பேனர், டி-சர்ட் எல்லாம் முடிவான பிறகு கடைசி நாளில் அவசரமாக வாங்கப்படுவது விளக்கு. சறுக்குவது அங்கேதான்.

பந்தத்தை முதலிலேயே தள்ளிவிடலாம். துணி சுற்றி எண்ணெயில் நனைத்த பந்தம் படத்துக்கு அழகு, கைக்குச் சூடு. எண்ணெய் பிடிவழியே முழங்கை வரை வழியும், கால்மணி நேரத்துக்கெல்லாம் மறுபடி நனைக்கச் சொல்லும். மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவர அது போதும்.

நாச்சியார்கோயில் பித்தளை விளக்கு வேறு ரகம். காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்க்கும் வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது இருந்த இடத்தில் எரிவதற்காகச் செய்யப்பட்டது. அகல் திறந்திருக்கும், எண்ணெய் தளும்பும், காற்றுக்கு மறைப்பில்லை. சுடர் போய்ச் சேருகிற மண்டபத்திலோ பள்ளியிலோ வைக்க அதைவிடச் சிறந்தது இல்லை. வழியில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

மிஞ்சுவது தகர அரிக்கேன். பாட்டி வீட்டுப் பரணில் கிடக்கிற அதே விளக்குதான், இந்த வேலைக்கு முதலிடம். ரகசியம் இரண்டு பக்கக் குழாய்களில் இருக்கிறது. மேல்பக்கத்தில் உள்ளே இழுக்கப்படும் காற்று அந்தக் குழாய்கள் வழியாக இறங்கி அடியிலிருந்து திரிக்கு வருகிறது. வெளிக்காற்று பலமாக அடித்தாலும் உள்ளே போகும் காற்றும் புகை வெளியேறும் வாயும் ஒரே அழுத்தத்தைச் சந்திப்பதால் சுடர் அதிகம் ஆடாது. குழாய் அடைத்திருந்தால் விளக்கு செத்த மாதிரிதான். பழைய விளக்கில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். சைக்கிள் கம்பியை விட்டுக் குடைந்து பாருங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் அலங்காரத்துக்கென்று விற்கும் வண்ண விளக்குகளில் ஏமாறாதீர்கள். சிலவற்றில் பக்கக் குழாய் வெறும் ஒப்புக்குத்தான். உள்ளே துளையே இருக்காது. பெயிண்ட் சூடாகி நாறும். கடையில் மூன்றைப் பாருங்கள்: திரி திருகி இரு பக்கமும் வழுக்காமல் சுற்றுகிறதா, சிம்னியைத் தூக்கும் கம்பி இறங்கியதும் கண்ணாடி ஆடாமல் உட்காருகிறதா, தொட்டி மூடியில் வாஷர் இருக்கிறதா. வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி ஓர் இரவு செய்தித்தாள் மேல் வையுங்கள். காலையில் தாளில் வட்டமாகக் கறை இருந்தால் தையல் கசிகிறது, மாற்றிவிடுங்கள்.

சிம்னிதான் பலவீனமான இடம். சாதாரணக் கண்ணாடி சூடாக இருக்கும்போது ஒரு மழைத்துளி பட்டால் போதும், விரிசல் விடும். பெத்லகேம் சுடர் வருவது டிசம்பரில்; நம் பக்கம் அது வடகிழக்குப் பருவமழை. சூடு தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடி சிம்னி கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உபரியாக இரண்டு சிம்னி, தனித்தனியே துணி சுற்றி.

எண்ணெயில் நடக்கும் தவறுதான் அதிகம். "சுடர் புனிதமானது, நல்லெண்ணெய் ஊற்றலாம்" என்று யாராவது சொல்வார்கள். அகலில் திரி எண்ணெயிலேயே படுத்திருக்கிறது; அரிக்கேனில் எண்ணெய் பல சென்டிமீட்டர் மேலேறி வரவேண்டும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் அந்த உயரத்துக்கு ஏறாத அளவு கெட்டி. முதலில் நன்றாக எரிந்து, பிறகு திரியே கருகி அணையும். மண்ணெண்ணெய் அல்லது மெல்லிய பாரஃபின் விளக்கெரி எண்ணெய்தான் சரி. பெட்ரோல் ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது, தொட்டி வெடிக்கும்.

புதுத் திரியை எண்ணெயில் அரைமணி நேரம் ஊறவிட்ட பிறகே ஏற்ற வேண்டும். நுனியை நேராக வெட்டி, இரு மூலைகளையும் துளி கிள்ளிவிட்டால் சுடர் கொம்பு முளைக்காமல் எரியும். தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். ஏற்றியதும் இரண்டு மூன்று நிமிடம் சுடரைச் சிறிதாகவே வைத்துக் கண்ணாடியைச் சூடேற விடுங்கள். சிம்னி கறுத்தால் திரி உயரம் அதிகம் என்று பொருள்.

எப்போதும் இரண்டு விளக்கு. ஒன்று தாய் விளக்கு. அது வண்டியில் வரும், கூட்டத்துக்குள் போகாது. மற்றது கையில். எரியும் விளக்கில் எண்ணெய் ஊற்றக் கூடாது என்பதால், ஒன்றை அணைத்து ஆறவிட்டு நிரப்பும் நேரத்தில் இன்னொன்று சுடரைக் காக்கிறது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் மழையில் சுடர் அணைந்தபோது ஓர் ஊழியர் சிகரெட் லைட்டரால் ஏற்றிவிட்டார். பிறகு அதை அணைத்து, ஒலிம்பியாவிலிருந்து வந்த உபரிச் சுடரிலிருந்துதான் மறுபடி ஏற்றினார்கள். லைட்டர் வைத்திருப்பவரைக் குழுவில் கடைசி வரிசையில் நிற்க வையுங்கள்.

கைமாற்றும்போது விளக்கோடு விளக்கை முட்டவைப்பது வேண்டாம், இரண்டும் அணையும். நீளமான மெழுகுத் திரியில் சுடரை எடுத்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, சிம்னியைத் தூக்கி மற்றதில் ஏற்றுங்கள். பிற்பகலில் கடல்காற்று ஏறும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. அரிக்கேனைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, குலுங்கி அணையும். நடக்கலாம். ஓட்டம்தான் வேண்டும் என்றால் ஓடுபவர் கொடி பிடிக்கட்டும், விளக்கு பின்னால் வரட்டும்.

வண்டியில் மூன்றில் ஒரு பங்கு மணல் நிரப்பிய இரும்பு வாளிக்குள் விளக்கை நிறுத்தி, வாளியைக் கட்டுங்கள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும். மூடிய வேனில் புகை ஆபத்து. பெட்ரோல் பங்க்குக்குள் விளக்கோடு போகவே கூடாது, இறங்கி வெளியே சாலையோரம் நில்லுங்கள். ஐரோப்பாவில் இந்தச் சுடர் ரயிலேறிப் போகிறது என்று படித்துவிட்டு இங்கே அதை முயல வேண்டாம். ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவின்படி தீப்பற்றும் பொருளோடு பயணம் செய்தால் மூன்றாண்டு வரை சிறை. பெத்லகேம் சுடர் விமானத்தில் வருவதும் சுரங்கத் தொழிலாளர்களின் பாதுகாப்பு விளக்கு போன்ற வெடிப்புத் தடுப்பு விளக்குக்குள்தான்.

காரைக்காலைவிட்டு வெளியேறும் சோதனைச் சாவடிகளில் போலீஸ் தேடுவது பாட்டில். உபரி மண்ணெண்ணெயைக் குவார்ட்டர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போகிற புத்திசாலித்தனம் வேண்டாம். 'மண்ணெண்ணெய்' என்று எழுதி ஒட்டிய ஒரு லிட்டர் கேன், ஊர்வல அனுமதிக் கடித நகல் இரண்டு, இவற்றை முன்சீட்டில் கைக்கெட்டும்படி வையுங்கள். தமிழ்நாடு போலீசிடம் வாங்கிய அனுமதி காரைக்காலுக்குச் செல்லாது. அங்கே தனியாக எழுதிக் கேட்க வேண்டும். விளக்கு வாங்கும் முன்பே அதை ஆரம்பியுங்கள்.