பார்க்கின்சன் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறீர்களா? முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

என் வீட்டுக்காரருக்குப் பார்க்கின்சன் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. திருச்சி பெல்லில் வெல்டராக இருந்தவர். போன மாதம் எனக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்ததால், அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏஜென்சியில் ஆள் கேட்டேன். "பார்க்கின்சன் கேஸுக்கென்றே டிரெய்னிங் எடுத்தவர் மேடம்" என்றார்கள். பதிவுக் கட்டணம் 3,000, பதினைந்து நாளுக்கு முன்பணம் 13,500. ரசீது கேட்டேன், வாட்ஸப்பில் வரும் என்றார்கள். இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

வந்த பையன் தங்கமானவன். ஆனால் அதுவரை துணிக்கடையில் நின்றவன். டிரெய்னிங் என்பது ஆபீசில் ஒரு நாள் உட்காரவைத்து பிபி பார்க்கச் சொல்லிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

இந்த நோயில் இறுகிப்போகும் உடம்பை அசையவைப்பது லெவோடோபா மாத்திரைதான். இவருக்கு அது காலை 6, 10, மதியம் 2, மாலை 6. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்க வேண்டும். பால், பருப்பு, முட்டையோடு போனால் அதிலுள்ள புரதம் மருந்தை ஏறவிடாது. சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தேன். "ஐயா நல்லாத் தூங்குறாரு, எழுப்ப மனசு வரலம்மா" என்று ஆறு மணி மாத்திரையை எட்டேகாலுக்குப் பாலோடு கொடுத்திருக்கிறான். ஒன்பது மணிக்குச் சட்டை போட உட்கார்ந்தவரின் விரல் இரண்டாவது பொத்தானிலேயே நின்றுவிட்டது. கூப்பிடவும் வழியில்லை, நோயால் சன்னமாகிவிட்ட அவர் குரல் அடுத்த அறைக்கு எட்டாது.

நாலாம் நாள்தான் கொடுமை. குளியலறை வாசலில் அவர் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே சிவப்பு டேப்பில் மூன்று கோடு ஒட்டி வைத்திருக்கிறோம். (இதென்ன புதுக்கோலம் என்று கேட்காத விருந்தாளி இல்லை.) கோட்டைத் தாண்டச் சொல்லி ஒண்ணு, ரெண்டு என்று எண்ணினால் தாண்டிவிடுவார். பையன் கையைப் பிடித்து இழுத்தான். உடம்பு வந்தது, கால் வரவில்லை. நெற்றியில் நாலு தையல்.

ஏஜென்சிக்குப் போன் செய்தால், "பேஷன்ட் கோஆபரேட் பண்ணலைன்னா நாங்க என்ன மேடம் பண்றது?" என்றார்கள். வேறு ஆள் அனுப்புவதாகச் சொல்லி ஆறு நாள் இழுத்தார்கள். மீதிப் பணம் தர மாட்டார்களாம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

ஏஜென்சியிடம் டிரெய்னிங் உண்டா என்று கேட்காதீர்கள், உண்டு என்றுதான் சொல்வார்கள். வரப்போகிற ஆளையே போனில் கேளுங்கள்: மாத்திரை நேரத்தில் தூங்கினால் என்ன செய்வாய்? நடக்கும்போது கால் நின்றுவிட்டால்? இழுப்பேன், தள்ளுவேன் என்றால் நீங்களே சொல்லிக்கொடுத்து, செய்துகாட்டச் சொல்லிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

நான் நாளுக்கு 900 கொடுத்ததில் அந்தப் பையன் கைக்குப் போனது 450. அவன்தான் முந்தாநாள் போன் செய்து, "ஐயாவுக்குத் தையல் பிரிச்சாச்சாம்மா?" என்று கேட்டான்.