டர்னர் முடித்த பையன் முன்னால் நாலு வேலை

அக்கா மகன் இந்த வருடம் அரசு ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பு (லேத் மெஷினில் இரும்பைக் கடையும் வேலை) முடித்தான். ரிசல்ட் வந்த வாரமே வாட்ஸப்பில் நாலு வேலையை வரிசையாக எழுதி அனுப்பி, "மாமா, இதுல எதுக்குப் போகட்டும்?" என்று கேட்டான். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, மாதம் 16,000. சென்னையில் சாப்பாடு டெலிவரி, நண்பன் 25,000 வருகிறது என்கிறான். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ். கோவை கணபதியில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஒரு பட்டறை, 11,000.

நானும் டர்னர்தான். பதினெட்டு வருடமாக லேத்திலும், கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடும் சி.என்.சி. மெஷினிலும் நிற்கிறேன். இவன் வயதில் இதே கேள்வியோடு நின்ற பையன்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அதனால் அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

டெலிவரியை முதலில் பார்த்துவிடுவோம். அந்த 25,000 முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 45 தரும் வண்டிக்குக்கூட பெட்ரோலுக்கு மட்டும் 270 ரூபாய் ஆகிவிடும். 26 நாளுக்கு 7,000. அப்புறம் ஆயில், டயர், பிரேக் ஷூ, வண்டியின் மாதத் தவணை. பி.எஃப். கிடையாது, காய்ச்சலில் படுத்தால் அன்றைய வருமானம் கிடையாது, கம்பெனிக்காரன் நம் ஐ.டி.யை முடக்கிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாது. தமிழக அரசு 2023-இல் டெலிவரி மாதிரி வேலை பார்ப்பவர்களுக்குத் தனி நல வாரியம் அமைத்தது. 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. நல்ல ஆரம்பம்தான். ஆனால் ஐந்து வருடம் ஓட்டியவனுக்கும் நேற்று சேர்ந்தவனுக்கும் ஒரு ஆர்டருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அனுபவத்துக்கு விலை இல்லாத வேலையில் 19 வயதில் போய் உட்காராதே என்றேன். வேறு வேலை இருக்கும்போது சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓட்டுவது என்றால் அது வேறு விஷயம்.

ஒரகடம் வேலையை அப்படிச் சட்டென்று தள்ள முடியாது. கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு, இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீடு, பி.எஃப். எல்லாம் உண்டு. 16,000 சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்கு அவனிடம் பிடிப்பது 120 ரூபாய்தான். அக்காவின் மருந்துச் செலவுக்கும் அதுவே உதவும். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்த்தால் சட்டப்படி இரட்டைச் சம்பளம். தலையில் கடன் இருக்கிற வீட்டுக்கு இதெல்லாம் பெரிய ஆறுதல்.

என் மனசு ஒப்பாதது அங்கே கொடுக்கப்போகும் வேலையை நினைத்துத்தான். லைனில் ஒரு ஸ்டேஷன். நிமிடத்துக்கு ஒரு பாகம் முன்னால் வரும், நாலு ஸ்க்ரூவை டார்க் கன் வைத்து முடுக்கணும், அடுத்தது வந்து நிற்கும். இரண்டு வருடம் கழித்தும் அவனுக்கு அந்த நாலு ஸ்க்ரூதான் தெரியும். படித்த டர்னிங் மறந்திருக்கும்.

பையன்களுக்குத் திறமை போதவில்லை, அதனால்தான் சம்பளம் குறைவு என்று மேடைதோறும் பேசுகிறார்கள். தமிழகத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கினார்கள். ரோபோ, சி.என்.சி. எல்லாம் இறக்கியிருக்கிறார்கள். அதில் படித்து வெளியே வருகிறவனைக் கூப்பிட்டு ஸ்க்ரூ முடுக்கச் சொன்னால் குறை யாரிடம் இருக்கிறது? கற்றதைக் கேட்காத வேலையைக் கொடுத்துவிட்டு, கற்றது போதாது என்று அவனையே சொல்வது அநியாயம்.

வேலை நிரந்தரமாகுமா என்று அக்கா கேட்டாள். தமிழ்நாட்டில் 1981-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. இவ்வளவு நல்ல சட்டம் இருந்தும், அந்த நாள் நெருங்கும்போது பையனை நிறுத்திவிட்டு வேறு கான்ட்ராக்டர் பெயரில் புதிதாகச் சேர்ப்பதை என் கூட்டாளிகள் வாழ்க்கையிலேயே பார்த்துவிட்டேன். எங்கே சேர்ந்தாலும் சம்பளச் சீட்டு ஒன்று விடாமல் எடுத்து வை, பி.எஃப். கணக்கில் யார் பெயரில் பணம் விழுகிறது என்று மாதாமாதம் பார் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்ரண்டிஸ் என்பது படிப்பின் நீட்சி. 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி அவன் பயிற்சியாளன். தொழிலாளி இல்லை, முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஸ்டைபண்ட் கொஞ்சம்தான்: 2019 விதிகளில் படிப்புக்குத் தக்கபடி 5,000 முதல் 9,000 வரை என்று குறைந்தபட்சத்தை வைத்தார்கள். ஆனால் ஐ.சி.எஃப். மாதிரி இடத்தில் உண்மையாகவே வேலை கற்கலாம், தேறினால் தேசிய சான்றிதழ் கிடைக்கும், ரயில்வேயின் லெவல் 1 என்ற ஆரம்ப நிலைப் பணிகளில் இப்படி முடித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடும் உண்டு. பெரம்பூரிலோ வில்லிவாக்கத்திலோ வீடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்வேன். வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் அந்தப் பணத்தில் முடிக்க வெளியூர்ப் பையனால் முடியாது. நல்ல வாய்ப்பு இப்படித்தான் வசதியில்லாத வீட்டுப் பிள்ளை கையை விட்டு நழுவுகிறது.

கடைசியாகப் பட்டறை. காசு குறைவு, ஆபத்து அதிகம். எட்டுப் பேர் என்பதால் இ.எஸ்.ஐ.யும் இல்லை, பி.எஃப்.பும் இல்லை, இ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர் வேண்டும், பி.எஃப்.புக்கு இருபது பேர். கண்ணில் சில் (கடையும்போது சிதறும் இரும்புத் துகள்) தெறித்தால், நடைமுறையில் முதலாளியின் நல்ல மனசுதான் கதி. 2020 ஊரடங்கில் எத்தனை பட்டறை பூட்டிக் கிடந்தது என்று கணபதிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அப்படியும் நான் அங்கேதான் போகச் சொன்னேன். டிராயிங்கைப் பார்த்து, டூல் கட்டி, அந்த டூலின் அளவை மெஷினில் ஆஃப்செட்டாகப் போட்டு, முதல் பீஸை எடுத்து மைக்ரோமீட்டரில் பார்த்து, 0.02 மில்லிமீட்டர் கூடியிருந்தால் ஏன் கூடியது என்று யோசிக்கிறவன் செட்டர். பீஸை மாட்டிப் பட்டனை அமுக்குகிறவன் ஆப்பரேட்டர். இரண்டு பேர் சம்பளமும் ஒன்றல்ல. ஆப்பரேட்டருக்கு மாற்று ஆள் ஒரு நாளில் கிடைப்பான், செட்டர் லீவு போட்டால் மெஷின் நிற்கும். பட்டறையில் தினம் வேறு வேறு ஜாப் வருவதால் இதையெல்லாம் கற்க வழி உண்டு. எல்லாப் பட்டறையிலும் விடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருடமும் சில் அள்ள வைத்து அனுப்பிய இடங்களும் உண்டு.

அதனால் முதலாளியிடம் நானே பேசினேன். ஆறு மாதத்தில் செட்டிங்கில் நிற்க விடுவீர்களா, விபத்துக் காப்பீடு ஒன்று எடுத்துத் தருவீர்களா என்று கேட்டேன். முதலாவதற்குச் சரி என்றார். இரண்டாவதை யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அதை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

ஒரகடத்துக்கும் இதற்கும் மாதம் 5,000 ரூபாய் வித்தியாசம். அக்காவுக்குக் குழுக் கடன் தவணை மட்டும் 2,400 இருக்கிறது. ஆறு மாதம் அதை நான் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஐ.சி.எஃப்.புக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. கிடைத்தால் தங்க இடம் பார்த்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை முதல் அவன் பட்டறைக்குப் போகிறான்.