லோரோங் கூலிட்டில் கிடைத்த லாட்ஜ் பேண்ட் கார்னெட்: ஆறு மாதம் ஊதிப் பார்த்த பின்

பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் 480 ரிங்கிட் கொடுத்து, ட்ரம்பெட்டைப் போன்ற ஊதுவாத்தியமான இந்தக் கார்னெட்டை வாங்கினேன். பழைய பித்தளை வாத்தியம் முதல் வாரத்தில் காட்டும் முகம் வேறு, மழைக்காலத்தில் காட்டும் முகம் வேறு என்பதால், ஆறு மாதம் அன்றாடம் ஊதிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

வாங்கத் தூண்டியது, மணிபோல விரிந்த அதன் முனையில் செதுக்கியிருந்த சின்னம்: ஒரு கடமான் தலை, அதன் பின்னே பதினொரு மணியைக் காட்டும் கடிகாரம். அது அமெரிக்காவின் எல்க்ஸ் சங்கத்தின் முத்திரை. லாட்ஜ் என்றால் நமக்குத் தங்கும் விடுதிதான் நினைவுக்கு வரும். இங்கே அது சகோதரத்துவச் சங்கத்தின் கிளையைக் குறிக்கிறது. அத்தகைய சங்கங்கள் பினாங்குக்கும் புதியவை அல்ல. ஃப்ரீமேசன்களின் நெப்டியூன் லாட்ஜ் 1809-லேயே இத்தீவில் தொடங்கப்பட்டது. எல்க்ஸ் சங்கமோ 1868-இல் நியூயார்க் நகரில் நாடகக் கொட்டகைக் கலைஞர்கள் கூடி உருவாக்கியது; அவர்களை முதலில் ஒன்றுசேர்த்த சார்ல்ஸ் விவியன் இங்கிலாந்திலிருந்து வந்த நகைச்சுவைப் பாடகர். பாட்டுக்காரர்கள் தொடங்கிய சங்கத்தின் கிளைகள் பலவற்றில் பேண்ட் வாத்தியக் குழு அமைந்ததில் வியப்பில்லை.

அந்தக் குழுக்களில் வாசித்தவர்களில் பெரும்பாலோர் பகலில் கடையிலோ பட்டறையிலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்கள். ஊர்வலத்துக்கும் பூங்காவில் நடக்கும் கோடைக்காலக் கச்சேரிக்கும் உறுப்பினரின் இறுதிச் சடங்குக்கும் அவர்களே வாசித்தார்கள். இவ்வகைக் குழுக்கள் எவ்வளவு பெருகியிருந்தன என்பதற்கு ஒரு சான்று போதும்: 1923-இல் வாஷிங்டன் கிரிஃபித் மைதானத்தில் ஷ்ரைனர் என்னும் மற்றொரு சங்கத்தின் பேண்டுகளைச் சேர்ந்த சுமார் 6,200 பேர் ஒன்றாக வாசிக்க, பேண்ட் இசையமைப்பாளர் ஜான் பிலிப் சூசா அதை நடத்தினார். ஆனால் எல்க்ஸ் சங்கத்தின் விதிகள் 1973 வரை வெள்ளையரை மட்டுமே உறுப்பினராக ஏற்றன. கறுப்பின மக்கள் 1898-இல் சின்சினாட்டியில் தங்களுக்கெனத் தனி எல்க்ஸ் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். நான் மடியில் வைத்துத் துடைக்கும் இந்த வாத்தியத்தின் முதல் சொந்தக்காரர் என் தாத்தாவை அந்த மண்டபத்துக்குள் அனுமதித்திருக்கமாட்டார் என்பதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

இனி வாத்தியத்துக்கு வருகிறேன். இது இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரில் செய்யப்பட்டது. வாத்தியம் செய்யும் கான் நிறுவனம் வேரூன்றிய அந்த ஊர் அமெரிக்கப் பேண்ட் வாத்தியத் தொழிலின் தலைநகரமாக விளங்கியது. குழல் படிப்படியாக விரிந்து செல்வதால் ட்ரம்பெட்டின் கூர்மை இதில் இல்லை. நடு ஸ்தாயியில் நாதம் உருண்டு, மனிதக் குரலுக்கு நெருங்கி ஒலிக்கிறது. மேல் ஸ்தாயியில் அந்த இனிமை குறைந்து, மூச்சை அதிகம் கேட்கிறது. வால்வுகள் எடை குறைந்தவை, விரல் சோர்வதில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஊதுபவரையும் மன்னிக்கும் வாத்தியம் இது.

பெட்டிக்குள், சுருதியை ஏற்றி இறக்க மாற்றி மாட்டும் சுருதிக் குழாய்கள் இரண்டு இருந்தன. முதலில் குட்டையானதை மாட்டி, என் அண்ணன் மகனின் கீபோர்டோடு சேர்ந்து வாசித்தபோது, அரைச்சுரத்தில் பாதிக்கும் மேலாகச் சுருதி ஏறி நின்றது. வாங்கி ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். அக்கால அமெரிக்கப் பேண்டுகள் பல ‘ஏ’ சுரத்தை நொடிக்கு ஏறத்தாழ 457 அதிர்வில் வைத்து வாசித்தன. அங்குள்ள இசைக்கலைஞர் தொழிற்சங்கம் 1917-இல்தான் 440-ஐ ஏற்றது. அந்த இடைக்காலத்துக்காகவே இரண்டு குழாய்கள் கொடுக்கப்பட்டன. நீளமானதை மாட்டியதும் கீபோர்டோடு ஒத்துப்போயிற்று, ஆயினும் மூன்று வால்வுகளையும் சேர்த்து அழுத்தும் சுரங்கள் இன்னும் சற்று ஏறியே பேசுகின்றன. உதட்டால் இறக்கிக்கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. வாய்க்குழாயின் உட்புறத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன. பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சுவதன் அடையாளம் அது, நம் ஊர் ஈரப்பதத்தில் அது பரவும். எண்ணெய் விடாமல் இரண்டு நாள் விட்டால் நடு வால்வு ஒட்டிக்கொள்கிறது. ஜோர்ஜ்டவுனில் பழுது பார்த்துக் கொடுத்த பெரியவர் நெளிவுகளை நீக்கி, தக்கைகளை மாற்றி, 350 ரிங்கிட் வாங்கினார். “வால்வை மட்டும் யாரையும் பாலிஷ் போட விடாதீங்க, தம்பி” என்று இரண்டு முறை சொன்னார். ஊதுவாயைத் தேடியது தனிக்கதை. ட்ரம்பெட் ஊதுவாய் இதில் பொருந்தாது.

வானொலியும் பின்னாளில் பேசும் படமும் பரவ, லாட்ஜ் பேண்டுகள் தேய்ந்தன. வாத்தியம் செய்வோர் பள்ளிகளை நாடி, 1923-இல் சிகாகோவில் பள்ளி பேண்ட் போட்டிக்குப் பணம் போட்டார்கள். நம் பள்ளி பேண்டுகளில் வாசித்துவிட்டு, வேலைக்குப் போனபின் வாத்தியத்தைத் தொடாதவர்களுக்கு இந்தக் கார்னெட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தேர்வுக்குத் தயாராகும் மாணவருக்கு வேண்டாம். சந்தையில் இதுபோல் ஒன்று கண்ணில் பட்டால், விலை பேசும் முன் மூன்று வால்வுகளையும் அழுத்திப் பாருங்கள். பெட்டியின் துணிக்கு அடியில் அந்த நீளமான குழாய் இருக்கிறதா என்று கைவிட்டுத் தேடுங்கள்.