கோங்க் கிராமமும் புனித ஃபுவா ஆலயமும்: ராத்தங்கிப் பார்க்க வேண்டிய ஊர்

தென் பிரான்சில் அவேரோன் மாவட்டத்தில் இருக்கும் கோங்க் கிராமத்துக்குப் போவதாக இருந்தால், ஒரு ராத்திரியாவது அங்கேயே தங்குங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காலையில் ரொக்கமதூர், மத்தியானம் கோங்க், சாயங்காலம் ஃபிஜாக் என்று ஒரே நாளில் மூன்று ஊரையும் முடித்துவிடுகிற பயணத் திட்டங்கள்தான் எங்கே பார்த்தாலும் இருக்கின்றன. அப்படிப் போனால் உச்சி வெயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று நாலு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு திரும்பலாம், அவ்வளவுதான். சுற்றுலா பஸ்கள் கிளம்பிப் போனதும் இந்த ஊர் வேறு ஊராக மாறிவிடுகிறது. நான் பார்த்த பழைய ஆலயங்களில் மனதில் ஆழமாகத் தங்கியது இதுதான்.

ரொதெஸ் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ஸை நம்பிப் போகிற இடமில்லை, கார் வேண்டும். மார்சியாக் பள்ளத்தாக்கு வழியாகப் போனால் மண்ணும் சிவப்பு, வீட்டுச் சுவரும் சிவப்பு, சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். அப்புறம் தூர்து ஆற்றை ஒட்டிச் சாலை குறுகிக்கொண்டே போய், மலைச் சரிவில் சாம்பல் நிறக் கற்பலகைக் கூரைகளும் நடுவில் ஆலயக் கோபுரங்களும் தெரியும்போது வந்து சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம். வெளியூர்க் கார்கள் ஊருக்குள் போக முடியாது, வெளியே காசு கட்டி நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். தெருக்கள் செங்குத்து, கல் பாவியவை, மழை பெய்தால் வழுக்கும். முழங்கால் வலி இருக்கிற அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் ஆலயத்துக்கு ரொம்பக் கிட்டே அறை எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு ஒதுக்குப்புறமான ஊரில் இவ்வளவு பெரிய ஆலயம் வந்த கதை, சுருக்கமாகச் சொன்னால், ஒரு திருட்டு. ஃபுவா என்பவர் ரோமானியர் காலத்தில் அஜேன் நகரில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட சிறுமி. அவருடைய திருப்பண்டங்கள், அதாவது எலும்பு முதலான புனித எச்சங்கள், அஜேனில் இருந்தன. கோங்க் மடத்துத் துறவி ஒருவர் அங்கே போய், வருஷக்கணக்கில் தங்கி, எல்லோருடைய நம்பிக்கையையும் சம்பாதித்து, கடைசியில் 866ஆம் ஆண்டு அவற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மடத்துக்காரர்களே இதை மறைக்காமல் பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார்கள். புனிதையே இடம் மாற விரும்பினார் என்பது அவர்கள் கட்சி. அதன் பிறகு ஸ்பெயினில் இருக்கும் புனிதத் தலமான சாந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்கு நடக்கிற யாத்திரிகர்கள் லெ புயி நகரிலிருந்து இந்த வழியாக வரத் தொடங்கினார்கள், மடம் வளர்ந்தது, 11ஆம் நூற்றாண்டில் இப்போதுள்ள ஆலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். பீடத்தைச் சுற்றி வர ஒரு பிராகாரம் விட்டிருக்கிறார்கள். துறவிகளின் செபத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் கூட்டம் திருப்பண்டத்தைக் கும்பிட்டுக்கொண்டே நகர்ந்து போக அந்த ஏற்பாடு. நம் ஊர்க் கோயில்களில் வலம் வந்து பழகிய கால்களுக்கு அங்கே யாரும் வழி காட்ட வேண்டியதில்லை.

வாசலுக்கு மேலே இருக்கிற அரைவட்டச் சிற்பத்துக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வேலை, இறுதித் தீர்ப்பு காட்சி, 124 உருவங்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும், பரவாயில்லை. நடுவில் கிறிஸ்து. அவருடைய வலப்பக்கம் எல்லாம் ஒழுங்கு, அமைதி. மரியாவும் பேதுருவும் முன்னே வர, பின்னால் மடாதிபதி ஒருவர் பேரரசர் சார்லமானைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறார். பேரரசர் கொஞ்சம் தயங்கி நடப்பது போலத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு மூலையில் புனித ஃபுவா, மேகத்திலிருந்து நீளும் கடவுளின் கைக்கு முன்னால் குப்புற விழுந்து மன்றாடுகிறார். அவருக்குப் பின்னால் வளைவுகளில் கைதிகளின் இரும்பு விலங்குகள் தொங்குகின்றன. சிறைக் கைதிகளை விடுவிப்பவர் என்று இவருக்குப் பெயர். விடுதலையானவர்கள் தங்கள் கால் விலங்கைக் கொண்டுவந்து இங்கே காணிக்கையாகப் போட்டிருக்கிறார்கள். உள்ளே பீடத்தைச் சுற்றியுள்ள இரும்புக் கிராதிகள் அந்த விலங்குகளை உருக்கி அடித்தவை என்று சொல்வார்கள்.

இடப்பக்கம் நரகம், சிற்பிக்குக் கை நின்றிருக்காது போல. கஞ்சன் பணப்பை கழுத்தில் தொங்கத் தூக்கில் கிடக்கிறான். கர்வம் பிடித்த வீரன் குதிரையிலிருந்து தலைகீழாக விழுகிறான். புறம் பேசியவனின் நாக்கைப் பேய் பிடுங்குகிறது. இன்னொரு பேய் வலை போட்டுக் கெட்ட குருமார்களைப் பிடித்து வைத்திருக்கிறது. மடத்தின் வாசலிலேயே மடத்துக்காரர்களுக்கு இந்த எச்சரிக்கையைச் செதுக்கி வைக்கும் தைரியம் அந்தக் காலத்தில் இருந்திருக்கிறது. நடுவில் தராசு. ஒரு பக்கம் தேவதூதர், எதிர்ப்பக்கம் பேய், அந்தப் பேய் யாரும் கவனிக்காத நேரத்தில் விரலால் தட்டை அழுத்துகிறது. நீலமும் சிவப்புமாகப் பழைய வண்ணம் இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். அப்புறம் வெளி வளைவைப் பாருங்கள், கல்லை ஒரு போர்வை போல விரல்களால் பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. கண்ணும் மூக்கும் விரல்நுனியும் மட்டும்தான் தெரியும். எத்தனையோ பேர் அவற்றைப் பார்க்காமலே உள்ளே போகிறார்கள்.

உள்ளே உயரம்தான் முதலில் தாக்குகிறது, 22 மீட்டர், அகலமோ குறைவு. ஜன்னல்களைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. ரொதெஸில் பிறந்த ஓவியர் பியர் சூலாஜ், 1987 முதல் 1994 வரை உழைத்து, முன்பிருந்த வண்ணக் கண்ணாடிகளுக்குப் பதிலாக 104 ஜன்னல்களுக்குப் புதிய கண்ணாடி வடிவமைத்தார். படமும் இல்லை, வண்ணமும் இல்லை, மங்கலான வெண்கண்ணாடியில் வளைந்து ஓடும் கறுப்புக் கோடுகள் மட்டும். ஊர்க்காரர்கள் பலருக்கு அப்போது பிடிக்கவில்லை. வண்ணக் கண்ணாடியை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இன்றும் ஏமாற்றமாக இருக்கலாம். நான் முழுக்க சூலாஜ் பக்கம். வெளியே இருப்பது எதுவும் தெரியாமல் வெளிச்சம் மட்டும் உள்ளே வருவதால், கல்லின் மஞ்சளும் சிவப்பும் சாம்பலும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. காலையில் ஒரு நிறம், சாயங்காலம் வேறு நிறம். ஒரே தூணைப் பல நேரங்களில் பார்த்தவர்களுக்குத்தான் இது புரியும், அதற்காகவும் ராத்தங்க வேண்டும் என்கிறேன்.

கருவூலத்துக்குத் தனி டிக்கெட். தயங்காமல் வாங்குங்கள். அங்கே இருக்கிற புனித ஃபுவாவின் தங்கச் சிலை, ஐரோப்பாவில் இந்த வகையில் பிழைத்திருப்பவற்றில் மிகப் பழையவற்றில் ஒன்று. உயரம் 85 சென்டிமீட்டர்தான். மர உடல், மேலே தங்கத் தகடு, தலை மட்டும் ரோமானியர் காலத்து ஆண் தலை ஒன்றைத் திரும்பப் பயன்படுத்தியது. அதனால்தான் சிறுமியின் முகம் இப்படிக் கடுமையாக, நேராக, இமைக்காமல் பார்க்கிறது. உடம்பெல்லாம் கற்களும் ரோமானிய முத்திரைக் கற்களும், ஒவ்வொரு நூற்றாண்டிலும் யாரோ கழற்றிக் கொடுத்த நகைகள். 11ஆம் நூற்றாண்டில் ஆன்ஜே நகரத்துப் பள்ளி ஆசிரியர் பெர்னார் இங்கே வந்தபோது, இது விக்கிரக வழிபாடு அல்லவா என்று முதலில் இகழ்ந்தவர், பிறகு மனம் மாறி, புனிதையின் அற்புதங்களை உட்கார்ந்து எழுதினார். அவர் எழுதியதில் புனிதை ஒரு பிரபுவின் மனைவியின் கனவில் வந்து தங்க வளையல்களைக் கேட்கிறார், அந்த அம்மாள் சும்மா கொடுக்காமல் பதிலுக்கு ஆண் பிள்ளை வரம் கேட்கிறாள். சிலைக்கு முன்னால் நிற்கும்போது இந்தக் கதை தெரிந்திருந்தால் அந்தக் கற்கள் வேறு மாதிரித் தெரியும். பிரெஞ்சுப் புரட்சியின்போது ஊர்க்காரர்கள் பொருள்களைத் தங்கள் வசம் ஒளித்து வைத்திராவிட்டால் இவையெல்லாம் உருகிப் போயிருக்கும். ஆலயத்தையும் 1837இல் அரசு ஆய்வாளராக வந்த ப்ரோஸ்பேர் மெரிமே பார்த்து எச்சரித்ததால்தான் இடியாமல் காப்பாற்றினார்கள். குறை என்றால், மத்தியானம் குழுக்கள் நுழைந்துவிட்டால் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்க இடம் கிடைக்காது. திறந்தவுடன் போய்விடுங்கள்.

சரி, ராத்திரிக்கு வருகிறேன். 1873 முதல் பிரெமொந்த்ரே சபைத் துறவிகள் இந்த ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். இரவுச் செபம் முடிந்ததும் மறுநாள் நடக்கப் போகிற யாத்திரிகர்களை முன்னால் அழைத்து ஆசீர்வாதம் கொடுக்கிறார்கள். முதுகுப்பையை எங்கேயோ இறக்கி வைத்துவிட்டு, கொப்புளம் வந்த பாதத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிற முகங்களைப் பார்த்தால் எந்த மதத்துக்காரருக்கும் நெகிழும். அப்புறம் சீசனில் ஒரு துறவி வாசலுக்கு வெளியே நின்று அந்தச் சிற்பத்தை ஒவ்வொரு உருவமாக விளக்குகிறார். பிரெஞ்சில்தான் பேசுகிறார், ஆனால் பகலில் நீங்கள் நிதானமாகப் பார்த்து வைத்திருந்தால் அவர் கை காட்டுகிற திசையை வைத்தே பாதி புரிந்துவிடும். அதன் பிறகு உள்ளே ஆர்கன் வாசிக்க, ஒரு சின்னக் கட்டணத்துக்கு மாடி நடைபாதையில் ஏற விடுகிறார்கள். இதைத் தவறவிடவே கூடாது. குறுகிய கல் படிக்கட்டில் ஏறினால், கீழேயிருந்து புள்ளியாகத் தெரிந்த தூண்தலைச் சிற்பங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். ஆலயத்தில் இருநூறுக்கும் மேல் உண்டு. உளி பட்ட கோடு, ஒரு இலையின் மடிப்பில் தேங்கிய நிழல், பாதியில் விட்ட வேலை எல்லாம் தெரியும், கூடவே ஆர்கனின் கனத்த சுரங்கள் காலடிக் கல்லில் அதிரும். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது, பகலிலேயே சுற்றுலா அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மடத்தின் உள்முற்றத்தில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். ஆனால் அங்கே ஒரு தூண்தலையில், தாங்கள் கட்டிக்கொண்டிருக்கிற சுவருக்குப் பின்னாலிருந்து கொத்தனார்கள் கருவிகளோடு நிற்கிறார்கள். பேர் தெரியாத இந்த ஆட்கள் தங்களுக்கென்று ஒரே ஒரு கல்லை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சாப்பாடு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணி தாண்டினால் சமையலறை மூடிவிடும், அதன் பிறகு காபியும் கேக்கும்தான். ராத்திரியும் ஏழரைக்கு முன்னால் ஒன்றும் கிடைக்காது. சைவக்காரர்களுக்கு இந்தப் பக்கம் ஒரே துணை அலிகோ, அதாவது மசித்த உருளைக்கிழங்கில் உப்புப் போடாத பச்சைப் பாலாடைக்கட்டியையும் பூண்டையும் சேர்த்து அடுப்பிலேயே கிண்டிக் கிண்டி, கரண்டியைத் தூக்கினால் அறுபடாத நூலாக வருகிற வரைக்கும் இழுப்பார்கள். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் இறுகிவிடும். பெரும்பாலும் கூடவே பன்றி சாசேஜ் வைப்பார்கள், வேண்டாமென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். நான் தங்கிய சின்ன விடுதியில் லிஃப்ட் கிடையாது, படிக்கட்டு செங்குத்து, சுவர் மெல்லிசு, வாடகை அதற்குக் கொஞ்சம் அதிகம். ஜன்னலைத் திறந்தால் ஆலய மணி காதுக்குள் அடிக்கும். லேசான தூக்கம் உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் யாத்திரிகர் பாதையில் இறங்கி, தூர்து ஆற்றின் பழைய கல் பாலத்தைத் தாண்டி, எதிர் மலையில் இருக்கிற புனித ஃபுவா சிற்றாலயம் வரைக்கும் ஏறுங்கள். மூச்சு வாங்கும் ஏற்றம், ஆனால் கிராமம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிவது அங்கிருந்துதான். ஃபோட்டோ அங்கே எடுங்கள்.

பக்கத்து ஊர்களில் ஃபிஜாக் எனக்கு ரொம்பப் பிடித்தது, சனிக்கிழமைச் சந்தைக்குப் போனால் இடைக்கால வணிகர்களின் வீடுகளுக்கு நடுவே இன்றைய ஊரும் உயிரோடு நடமாடுகிறது. எகிப்திய எழுத்துகளைப் படித்துக் காட்டிய ஷாம்போலியோன் 1790இல் பிறந்த ஊர், அதற்கு உதவிய ரொசெட்டாக் கல்லின் நகலை ஒரு முற்றம் முழுக்கப் பெரிதாகத் தரையில் விரித்து வைத்திருக்கிறார்கள். ரொக்கமதூர் பாறையோடு ஒட்டி நிற்கும் அழகான இடம்தான், 216 படி ஏறிக் கறுப்பு மாதாவைப் பார்க்கலாம், ஆனால் ஜூலை, ஆகஸ்டில் தெருவில் நகர முடியாது. மே அல்லது செப்டம்பர் கடைசி என்றால் போங்கள்.

கோங்கைப் பார்த்த கையோடு இன்னும் ஒரே ஒரு இடம் என்றால் முவாசாக் மடாலயம்தான், காரில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன் உள்முற்றத்தில் 76 தூண்தலைகளும் 1100 என்று ஆண்டு பொறித்த கல்வெட்டும் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போட்டபோது மடத்தின் உணவுக்கூடத்தை இடித்துவிட்டார்கள், உள்முற்றம் தப்பியது. இப்போதும் ஒட்டினாற்போல ரயில் ஓடுகிறது. வாசலில் நடுத்தூணின் பக்கவாட்டில் ஒரு தீர்க்கதரிசி, நீண்ட தாடியும் பின்னிக்கொண்ட கால்களுமாக நெளிந்து நிற்கிறார். நேராக உள்ளே நுழைந்துவிட்டால் கண்ணில் படமாட்டார், தூணைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.