இரண்டாவது மாடிக்கு நிலத்து ஈரம் ஏறியதாம்! ஒரு மாத வாடகைப் பணம் போச்சு

சுவர் ஈரத்தைச் சரிசெய்ய ஆள் அனுப்பிய செயலியிலிருந்து இன்று காலைதான் "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று செய்தி வந்தது. யார் முடித்தார்கள், எதை முடித்தார்கள்? சுவர் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் பூசணம் வந்தால் என்ன செய்வது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

படுக்கையறை பீரோவை ஹாலுக்கு நகர்த்தியபோதுதான் பார்த்தோம். பின்சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாகப் பூசணம். அதற்கு மேலே உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து கிடந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னோம். "நீங்களே ஆள் வெச்சுப் பாத்துக்கங்க, வாடகையில கழிச்சுக்கலாம்" என்றார். வாய்வார்த்தைதான். எழுதி வாங்கத் தோன்றவில்லை.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் பதிந்தேன். வந்தவர் இரண்டு ஊசி நீட்டிய சின்னக் கருவி ஒன்றைச் சுவரில் குத்தினார். கீச்சென்று கத்தியது, சிவப்பு விளக்கு எரிந்தது. "பாத்தீங்களாக்கா, நிலத்துல இருந்து ஈரம் ஏறுது." அந்த நேரம் பார்த்து உள்ளே மகள் இருமினாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சின்னப் பிள்ளை இருக்கிற வீடு. தள்ளிப் போடாதீங்கக்கா. எங்க வீடா நினைச்சு நானே நின்னு செஞ்சு தர்றேன்."

அதில்தான் விழுந்தேன். ஒரு மாத வாடகைக்குச் சமமான தொகை, மொத்தமும் முன்கூட்டியே கொடுத்தாயிற்று.

நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி! நிலத்து ஈரம் தரைத்தளச் சுவரில் சுமார் ஒரு மீட்டர் வரை ஏறும். இரண்டு மாடி தாண்டி எப்படி வரும்? ஒரு மாத வாடகையைக் கொடுக்கும்போது இந்தச் சின்னக் கேள்வி தோன்றவே இல்லை. அந்தக் கருவியும் பெரும்பாலும் மரத்தின் ஈரத்தைப் பார்க்கச் செய்ததாம். சுவரில் உப்புப் பூத்திருந்தாலே கூடுதலாகக் காட்டுமாம். எல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான்.

சுவரின் அடியில் வரிசையாக ஓட்டை போட்டு ஏதோ திரவம் செலுத்தினார். பூசணத்தைத் துடைத்து, அதன் மேலேயே பெயின்ட் அடித்தார். வேலை முடிந்ததற்கான ஓடிபியை வாங்கிக்கொண்டு போனார். மூன்றே வாரத்தில் பெயின்ட் உப்பிக் கறுப்பு மறுபடி எட்டிப்பார்த்தது.

போன் செய்தால் "சுவர் காயணும்க்கா, பொறுங்க." அடுத்த முறை "ஜன்னலைத் திறந்து வெக்கிறதில்லையா? உங்க மூச்சுக்காத்துதான் சுவர்ல படியுது." அதன்பிறகு எடுப்பதே இல்லை. செயலிக்காரர்களோ, "ஓடிபி கொடுத்துவிட்டீர்களே மேடம்" என்று ஒரே பாட்டு. வீட்டுக்காரர் எல்லோரையும் மிஞ்சிவிட்டார்: "யாரைக் கேட்டுச் சுவர்ல ஓட்டை போட்டீங்க? அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேன்."

மூச்சுக்காற்று என்றாரே என்று, ஒரு துண்டு அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்து எடுத்தால் அறைப்பக்கம் காய்ந்திருந்தது, சுவர்ப்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அறைக் காற்றின் ஈரமாக இருந்தால் முன்பக்கம்தானே வியர்த்திருக்கும்? எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தேன். முள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சுவருக்கு மறுபுறம் எங்கள் குளியலறை. உள்ளே பதித்த குழாய் கசிகிறது, அவ்வளவுதான். ஒரு துண்டுத் தாள் சொன்னதைக் கேட்க ஒரு மாத வாடகையை அழுதிருக்கிறேன்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது பொறுமை இல்லை. கசிவை நிறுத்தாமல் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். முழுப்பணம் முன்னால் தராதீர்கள். சில வாரம் பார்க்காமல் ஓடிபி தராதீர்கள். வீட்டுக்காரர் சொல்வதைச் செய்தியாகவாவது அனுப்பச் சொல்லுங்கள், தொடுவதற்கு முன் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பூசணத்தைத் துடைக்கிறேன் என்று ப்ளீச்சையும் அமோனியா உள்ள திரவத்தையும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

பிளம்பர் நாளைக்கு வருகிறாராம். பீரோ இன்னும் ஹாலில்தான் நிற்கிறது.