கொரியா: செர்ரிப் பூவா, மேப்பிள் இலையா?

கொரியாவுக்கு ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் வசந்தமா, இலையுதிர் காலமா?

வசந்தம் என்றால் ஜின்ஹே. மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரத்தில் ஊரே செர்ரிப் பூவாகிவிடும். யொஜ்வா ஓடையின் இரு கரைக் கிளைகளும் தலைக்கு மேல் கைகோத்து நிற்கும். ஆனால் எல்லாம் ஒரு வாரம், பத்து நாள்தான். நடுவில் ஒரு நல்ல மழை பெய்தால் போச்சு. கூட்டமோ, தேர்த்திருவிழாக் கூட்டம்.

இலையுதிர் காலம் இப்படி அவசரப்படுத்தாது. அக்டோபரில் வடக்கே சொராக் மலையில் (1,708 மீட்டர்) தொடங்கும் சிவப்பு, மெல்லத் தெற்கே இறங்கி நவம்பர் தொடக்கத்தில் நெஜாங் மலையை எட்டும். ஓரிடத்தில் தவறவிட்டால் இன்னோர் இடத்தில் பிடித்துவிடலாம்.

சாப்பாடு? வசந்தத்தில் தென்கடற்கரைப் பக்கம் மாசிபத்திரித் தளிர் போட்ட மீன் சூப். சரி, நல்லதுதான். இலையுதிர் காலத்திலோ சுட்ட ஜொனோ மீன். கோபித்துக்கொண்டு போன மருமகளும் அந்த வாசனைக்குத் திரும்பி வந்துவிடுவாள் என்பது அங்கே சொலவடை. அப்புறம், குளிர்காலத்துக்கான கிம்ச்சியை (புளிக்கவைத்த காரக் காய்கறி ஊறுகாய்) குடும்பமாகக் கூடிப் போடும் கிம்ஜாங். 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வழக்கம் அது.

என் ஓட்டு இலைக்கே. இடையில் வரும் சூசோக் என்ற அறுவடைப் பண்டிகை விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஊருக்கே ஊர் கிளம்பும், ரயில் டிக்கெட் கிடைப்பது கஷ்டம்.